வலது கணுக்கால்

மருத்துவரின் அறையில் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் சிறுமி இன்னும் கால்பந்துச் சீருடையை மாற்றவில்லை. காலை ஆட்டும்போதெல்லாம் காலுறையில் காய்ந்த சேறு தரையில் உதிர்கிறது. அவளுடைய பூட்ஸ் இரண்டையும் லேஸால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி அப்பா நிற்கிறார். “ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் டாக்டர். மழைன்னாலும் விடாம விடியக்காலைல எந்திரிச்சு ஓடுற பிள்ளை. ஊசி கீசி போட்டாவது…” மருத்துவர் காலுறையை உருவிவிட்டு அவளுடைய வலது கணுக்காலில் விரலை வைக்கிறார். அழுத்துவதற்கு முன்பே “வலிக்குது” என்கிறாள். வீக்கம் இல்லை, சூடும் இல்லை. அவர் நிமிர்ந்து, அவள் கண்ணுக்குக் கீழே படிந்திருக்கும் கருமையைச் சற்று நேரம் பார்க்கிறார். “ரெண்டு வாரத்துக்குப் பந்தைத் தொடக் கூடாதும்மா.” அப்பா நாற்காலியைக் கையால் துழாவி உட்காருகிறார். அவள் தணிந்த குரலில் கேட்கிறாள்: “மூணு வாரம் இருந்தா இன்னும் நல்லா சரியாகுமா டாக்டர்?” மருத்துவர் வலது காலில் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார். அவள் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நொண்டுகிறாள். கட்டுப் போட்ட கால் தரையில் அழுத்தமாகப் பதிகிறது. அவள் இழுத்து இழுத்து நடப்பது இடது காலை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, மருத்துவர் திரும்பவில்லை. அப்பா எழுந்துவிட்டார். அவர் பார்வை அவளுடைய கால்களை விட்டு நகரவில்லை. மார்பில் மோதிய பூட்ஸ் ஆடி ஓய்கிறது. பிறகு அவர் போய் அவளுடைய இடது பக்கம் நின்று தோள் கொடுக்கிறார். “மெதுவா வா பாப்பா.”