கறுவலின் காதில்

போனை எடுத்ததும் கிளடிசுக்கு முதலில் கேட்டது ஒரு நாயின் மூச்சு.

அதற்குப் பிறகுதான் அலெக்ஸாண்டரின் குரல் வந்தது.

"பிள்ளை, கறுவலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறம். சீமோனை ஒருக்காக் கூப்பிடு."

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அப்போதுதான் விடிந்திருந்தது. யன்னலுக்கு வெளியே ஸ்நோ விழுந்துகொண்டிருந்தது. வேலைக்குப் புறப்பட்டவள், ஜக்கெற்றின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி நின்றாள்.

அலெக்ஸாண்டர் அவளுடைய கணவன் சீமோனின் தமையன். மண்டபம் அகதி முகாமில் இருக்கிறார். முகாமில் போன் இல்லை. கடைத்தெருவுக்கு வந்து அவராக எடுத்தால்தான் பேச்சு.

இந்த அழைப்புக்காகத்தான் ஒரு மாதமாக அவள் காத்திருந்தாள். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பஸ்ஸிலும் குளியலறையிலும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தாள்.

அவர் அதற்கு இடம் விடவில்லை.

கறுவல் ஒரு கிழமையாகச் சாப்பிடவில்லையாம். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, வயதுதான் என்று சொல்லிவிட்டாராம். கரையில் கிடந்த இடத்தை விட்டு எழும்பவில்லையாம். கடைசியில் கடலுக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் கூடிப் பேசி, சீமோனின் குரலை ஒருதரம் கேட்கவைத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்களாம்.

"ஒரு தள்ளுவண்டிலில கொண்டு வந்தம். இஞ்ச பார், இந்தியாக்காரரும் எங்களோட வந்து நிக்கினம். கடை நிறையச் சனம்."

சனத்தின் இரைச்சல் அவளுக்குக் கேட்டது.

இலங்கையில், பேசாலைக் கரையில், கவிழ்த்து வைத்திருந்த சீமோனின் படகுக்கு அடியில் பிறந்த குட்டி கறுவல். கண் திறந்த நாளிலிருந்து படகை விட்டு இறங்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஊரே கடல் தாண்டி ஓடியபோது அதுவும் ஏறிக்கொண்டது. இடம் போதாமல் மூட்டைகளைக் கரையில் எறிந்தார்கள். நாயை இறக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நடுக்கடலில் நேவியின் படகு ஒன்று பக்கத்தால் போயிற்று. தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். கறுவலின் வாயைப் பொத்த ஒருவருக்கும் கை மிச்சமில்லை. அது தானாகவே கிளடிசின் காலடியில் படுத்து, சத்தமில்லாமல் கிடந்தது.

அன்றிலிருந்து அது அந்தப் படகில் வந்த எல்லோருடைய நாயும் ஆயிற்று.

அடுத்த வருடம் சீமோன் கனடாவுக்குப் புறப்பட்டான்; கிளடிஸ் பிறகு போய்ச் சேர்ந்தாள். அவன் மண்டபத்தை விட்டுப் போனது ரயிலில். நாய்க்குத் தெரிந்தது கடல் மட்டும்தான். கரைக்கு வருகிற ஒவ்வொரு படகிலும் ஏறி, முன்னாலிருந்து பின்வரைக்கும் மோந்து பார்த்துவிட்டு இறங்கி, அடுத்த படகுக்குப் போகும். அது பார்த்து முடிக்கும்வரை அந்த ஊர் மீனவர்களும் மீனை இறக்காமல் நிற்பார்கள். பிறகு முதல் மீனை அதற்குத்தான் போடுவார்கள்.

இவ்வளவு வருடமும் அப்படித்தான்.

"பேரைச் சொல்லி ஒருக்காக் கூப்பிட்டால் போதும், பிள்ளை. அவன் நிக்கிறானே?"

"இல்லை, அண்ணை."

"வேலைக்கு வெளிக்கிட்டிட்டானோ?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வசனம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரோ, "கொஞ்சம் பொறுடா, இப்ப கதைப்பான்" என்று நாயிடம் சொல்வது கேட்டது.

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து அலெக்ஸாண்டர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"அண்ணை, வையுங்கோ. வைச்சிட்டுத் திரும்ப எடுங்கோ. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். அடிக்கத் தொடங்கினவுடன நாயின்ர காதில வையுங்கோ."

"நிக்கிறான்தானே! எனக்குத் தெரியும்!" அவர் திரும்பிச் சனத்துக்கு ஏதோ கத்தினார். கடை முழுக்கச் சிரித்தது.

போன் மறுபடி அடித்தது. கிளடிஸ் எடுக்கவில்லை. கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது மணியோடு, ஆள் எடுக்காவிட்டால் பேச்சைப் பதிகிற மெஷின் 'கிளிக்' என்றது. சீமோனின் குரல் அறை முழுவதும் பரவியது.

"வணக்கம். இது சீமோன் வீடு. நாங்கள் இப்ப வெளியில போயிட்டம். உங்கட பேரைச் சொல்லிவிடுங்கோ. வந்தவுடன நான் கட்டாயம் எடுப்பன்."

பீப் சத்தம் கேட்டது.

மெஷினின் ஸ்பீக்கரில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முனகல். பிறகு குரைப்பு. கிழட்டு நாயின் குரைப்பல்ல, படகு கரை தட்டும்போது குரைக்கிற அந்தப் பழைய குரைப்பு. "எழும்பீட்டுது! எழும்பீட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

அந்த இரைச்சலுக்குள் அலெக்ஸாண்டர் வாயைக் கிட்ட வைத்துப் பேசினார்.

"தம்பி, தேடுதடா. ரிசீவரைச் சுத்திச் சுத்தித் தேடுது. இன்னும் கொஞ்சம் கதை. பேரைச் சொல்லு. என்ன பேசாமல் நிக்கிறாய்?"

கிளடிஸ் ரிசீவரில் கையை வைத்தாள். தூக்கவில்லை.

நாய் குரைத்துக்கொண்டேயிருந்தது. மெஷின் தன் நேரம் முடிந்ததும் நடுவில் வெட்டிவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன், சேமக்காலையில் சீமோனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே பக்கத்து வீட்டு வேரோனிக்கா அன்ரி சொன்னாள்: "உந்த மெஷினில இருக்கிற அவற்ற குரலை மாத்திப் போடு, பிள்ளை. எடுக்கிற ஆக்கள் பயப்பிடுகினம்."

கிளடிஸ் மாற்றவில்லை.

போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.