நான்காவது பெயர்

"கூடப்பிறந்த தங்கச்சிகூட இப்படி வந்து பார்க்க மாட்டாங்க, மேடம்" என்றாள் நர்ஸ், என் சக விஞ்ஞானியின் அறை வாசலில்.

"இன்னும் எத்தனை நாள் தாங்குவார்?" தினமும் கேட்பதைத்தான் இன்றும் கேட்டேன்.

"மனசைத் தேத்திக்குங்க. இந்த மாசம் தாண்டாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பிரபஞ்சத்தின் வயதை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கணக்கிட்டோம். அடுத்த மாதம் அறிவிக்கும் விருதை மூன்று பேருக்கு மேல் தர மாட்டார்கள். இறந்தவர்களுக்கும் தர மாட்டார்கள். வரிசையில் மூன்றாவது அவர், நான்காவது நான்.

அவர் என் கையைப் பிடித்தார். "வந்துட்டியா, அழுமூஞ்சி? நாலு பேருக்கு மூணு நாற்காலி. நான்தான் கிளம்பப் போறேனே! உன் பேரைப் போடச் சொல்லி விருதுக் குழுவுக்குப் போன வாரமே எழுதிட்டேன். இனிமே தினமும் வந்து அலையாதேம்மா."

அவர் குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.