மேலே நின்றவர்

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல, மிஸ்டர் கிளாட்வின்" என்றார் விசாரணை அதிகாரி. "மணல் சரியும், கிணத்துல ஆள் இறக்காதீங்கன்னு நீங்க முன்னாடியே ரிப்போர்ட் கொடுத்திருக்கீங்க. ஒரு ஜியாலஜிஸ்ட் வேற என்ன செய்ய முடியும்?"

கிளாட்வின் தலை நிமிரவில்லை.

"சரிஞ்சப்போ அங்கதான் இருந்தீங்களா?"

"கிணத்து மேட்டுல நின்னேன் சார். ரிப்போர்ட் விஷயத்தை ஆபீசுக்கு வெளிய பேசக்கூடாதுன்னு ரூல். வேலையை நிறுத்த இன்ஜினியர் வருவார்னு காத்திருந்தேன்."

அதிகாரி, கிணற்றில் செத்தவனோடு வேலை பார்த்த அம்புரோஸைக் கூப்பிட்டார்.

"மணல் உதிருறது தெரிஞ்சும் செத்துப்போன ரோச் ஏன்யா உள்ள இறங்கினான்?"

"பயந்துதான் நின்னான் சார். இந்த சார் மேல நிக்கதைப் பார்த்ததும் சிரிச்சிட்டே இறங்கிட்டான்."

"இவரைப் பார்த்தா என்ன?"

"நாங்க முத்துக்குளிச்ச ஆளுவ சார். அது நின்னுபோனதாலதான் கிணறு வெட்ட வந்தோம். கடல்ல முங்குறவனுக்கு மேல கயிறு பிடிக்கது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான். தங்கச்சி தாலியறுக்க எவன் விடுவான்? 'மச்சான் மேல நிக்காவல்லா, ஆபத்துன்னா சொல்ல மாட்டாவளா'ன்னு சொல்லிட்டுத்தான் ரோச் இறங்குனான்."

அறை மூலையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ரோச்சின் மனைவி அமலோற்பவம், அன்று முதல் தடவையாகக் கிளாட்வினை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாண்ணே?"