இலவம்பஞ்சு

இறந்துபோன கணவன் விட்டுச்சென்ற, வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இப்போது எந்தக் கம்பெனியும் தோட்டா செய்வதில்லை. பியூலாவே பழைய தோட்டாக்களின் பித்தளைக் கூட்டில் வெடிமருந்து நிரப்பினாள். குறி அட்டையைப் பார்த்துச் சுட்டால் இரண்டு குண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின.

“கூடு பெருசு, மருந்து கம்மி. உள்ள கெடந்து ஆடுது மதினி. மேல இலவம்பஞ்சு வச்சு அடைக்கணும்” என்றான் கொழுந்தன் ஜெபசிங்.

வீட்டில் இலவம்பஞ்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. அவர் போனதிலிருந்து யாரும் தொடாத தலையணை, தலை அழுத்திய பள்ளத்தோடு அப்படியே கிடந்தது. தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்தாள்.

இம்முறை அட்டையில் இரண்டு ஓட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன.

“போதும் மதினி. தச்சு மூடிருங்க.”

“எதுக்கு? இன்னும் எத்தன தோட்டா கெடக்கு!”

தலையணையைத் தட்டி வெயிலில் வைத்தாள். பள்ளம் மெல்ல உப்பி எழுந்தது.