கூட வந்தது யாரு?

"ஐந்தருவியில தண்ணி எப்படி விழுது? குளிக்க விடுதாங்களா?"

டாக்டர் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எக்கோ ரிப்போர்ட் அவர் முழங்கைக்கு அடியில் கிடந்தது.

வாரம் ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வந்து போகிற இருதய டாக்டர் அவர். சாரல் தொடங்கிவிட்டது அல்லவா, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துத் தள்ளிவிட்டுக் குற்றாலத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

அருவியைப் பற்றி எவ்வளவு விவரமாக விசாரிக்கிறார் மனுஷன்! மெயினருவியில் கூட்டமா, பழைய அருவியில் காரை நிறுத்த இடம் இருக்குமா, எண்ணெய் தேய்த்துவிட நல்ல ஆள் கிடைப்பானா.

இருதயத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் இவர்கள் வாயில் கொழுக்கட்டை வந்துவிடும்.

இவர் ஒருத்தர் என்றில்லை. மேலகரத்தில் முதலில் பார்த்த டாக்டர் இ.சி.ஜி. தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், எக்கோ எடுக்கச் சொன்னார். எதுக்கு என்று கேட்டேன். எடுத்தால் தெரியும் என்றார்.

எக்கோ எடுத்த பெண் திரையில் பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பக்கத்து அறையிலிருந்தவளையும் கூப்பிட்டுக் காட்டினாள். என்னம்மா தெரியுது என்று கேட்டதற்கு, டாக்டர் சொல்லுவாங்க என்றாள். அந்த டாக்டரோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஸ்பெஷலிஸ்ட் சொல்லுவார் என்றார்.

நல்லா இருக்கா, இல்லையா? பயப்படணுமா, வேண்டாமா? இதைச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

என் வீட்டுக்காரர் சென்னையில் போலீஸ். லீவு கிடைக்கவில்லை. தினமும் போனில் என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று உயிரை விடுகிறார். என்னத்தைச் சொல்ல? வீட்டில் ஒரு வாரமாக யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் நானும் என் மாமனார் சுடலைக்கண்ணுவும் குத்துக்கல்வலசையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம். மாமாவுக்கு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. நர்ஸ் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து டாக்டர் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். நான் பின்னால் நின்றேன்.

டாக்டர் ஒருவழியாகப் போனை வைத்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"எல்.வி. டைலேட்டட்... இ.எஃப். ட்வென்ட்டி எய்ட்" என்று மேஜையிடம் சொன்னார்.

"எங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்கய்யா" என்றார் மாமா.

"மாத்திரை எழுதித் தாரேன்."

அவ்வளவுதான். நாடி பிடிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய குழாய் கழுத்திலேயே தொங்கியது. ஆள் முகத்தைப் பார்த்தால் படித்த படிப்பு கரைந்துவிடும் போல.

எழுதி முடித்ததும், "பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதுவும் முறைதான் என்று எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் டாக்டருக்குத் தமிழ் வந்துவிட்டது. அடேயப்பா, என்ன தமிழ்! என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"உள்ளதைச் சொல்லுதேன், கேட்டுக்கோங்கம்மா. இருதயம் வீங்கிப்போச்சு. வேலை செய்ய வேண்டியதுல பாதிதான் செய்யுது. மாத்திரையில கொஞ்ச நாள் இழுத்துப் பாக்கலாம். ஆனா எந்த நேரமும் எதுவும் நடக்கலாம், மனசைத் தேத்திக்கிடுங்க. பாரம் தூக்க விடாதீங்க. தனியா படுக்க விடாதீங்க. உப்பைக் குறைச்சு சமைச்சுப் போடுங்க. ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க. ஆனா பேஷன்ட் காதுக்கு மட்டும் இது போயிரக்கூடாது. தெரிஞ்சா பயத்துலயே போயிருவாங்க."

ஒரு சந்தேகம் பாக்கியில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லத் தெரிந்திருக்கிறது பாவி மனுஷனுக்கு! இத்தனை நாள் இவர்கள் யாருக்கும் சொல்லத் தெரியாமல் இல்லை.

ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ஜெயபிரியாவுக்கு இனி யார் தலை பின்னிவிடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

"டாக்டர், மாமாவுக்கு ஒண்ணுமில்ல. அவுக எனக்குத் துணைக்கு வந்தாக. எக்கோ எடுத்தது எனக்கு."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டின் தலைப்பில் முத்துச்செல்வி என்று கொட்டை எழுத்தில் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். நான் ஒரு பைத்தியக்காரி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, லேசாத்தான் இருக்கு. பயப்படாதீங்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. பெரியவரை உள்ள வரச்சொல்லுங்க."