மஞ்சள் லைட்

"அவன்தான் சார். என் கண்ணால பாத்தேன்."

டிரைவர் இசக்கிபாண்டி மேஜைமேல் சாய்ந்து சொன்னான். டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சம்பத்குமார் பேனாவை மூடி வைத்தார்.

"யாரு, பேச்சிராஜா? உங்க ஊர்க்காரன்தானே?"

"ஊர்க்காரன்தான் சார். மூணு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். ரெண்டு டிரைவர்ல ஒருத்தரைத்தான் ஜனவரியில பர்மனென்ட் பண்ணுவோம்னு நீங்க சொன்னீங்களே, அன்னையிலேருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சு கெடையாது. இப்ப பத்து நாளா என் வண்டியில மட்டும் காலையில அந்த டயர் லைட்டு எரியுது. மொத நாளே பஞ்சர் கடையில காட்டுனேன், காத்து சரியாத்தான் இருக்குன்னான். முந்தாநாள் விடிய ஷெட்டுக்கு வாரேன், இவன் என் சக்கரத்துக்கிட்ட குத்தவச்சு உக்காந்திருக்கான். என்னைப் பாத்ததும் கையில இருந்ததை டபக்குனு அவன் டிக்கியில போட்டு மூடிட்டுப் போறான்."

கம்பெனியின் கொரியா அதிகாரிகளுக்கு ஓடுபவை ஒரே மாதிரி இரண்டு வெள்ளை வண்டிகள். டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்கு முன்னால் மஞ்சள் லைட் எரியும். நேற்று இசக்கியின் வண்டிப் பின்சீட்டிலிருந்து கொரியா சார் அதைப் பார்த்துவிட்டார். "நோ சேஃப்டி" என்று இறங்கிப் போய், பேச்சிராஜ் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"ஒரகடம் நடேசன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போ," என்றார் சம்பத்குமார். "யாரோ கை வச்சிருக்காங்கன்னு அவர் எழுதிக் கொடுத்தா, சாயங்காலமே பேச்சிராஜை அனுப்பிடறேன். இல்லேன்னா..."

வீட்டில் கைக்குழந்தை இருக்கிற இசக்கிக்கு, தன் வேலைதான் போகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நடேசன் குனிந்து காற்றை அளந்தார். நிமிர்ந்தார்.

"இன்னா தம்பி, நாலு டயர்லயும் நாப்பது கீதே! முப்பத்திமூணுதானே வெக்கணும்? யாரு இவ்ளோ ஏத்துனது?"

"பாத்தீங்களா அண்ணாச்சி! வெயில்ல டயரு வெடிச்சு நான் சாவணும்னு ஏத்தியிருக்கான். இதை அப்படியே எழுதிக் குடுங்க."

"இரு, எழுதறேன். இவ்ளோ காத்து இருந்தும் லைட்டு எரியுது பாரு, அதான் உதைக்குது."

ஒவ்வொரு சக்கரமாக ஒரு கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், இடது பின்சக்கரத்தில் நின்றுவிட்டார்.

"சக்கரத்துக்குள்ள சென்சார் கீது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இதோட நம்பர் உன் வண்டில பதிஞ்ச நம்பர் இல்ல. இது வேற வண்டிச் சக்கரம்."

"மாத்திட்டானா? திருட்டுப்பய..."

"சும்மா இரு. ஆயுத பூஜைக்கு சக்கரத்தைக் கழட்டினீங்களா?"

கழற்றினார்கள். இரண்டு வண்டிக்கும் ஜாக்கி போட்டு, எட்டுச் சக்கரத்தையும் குழாயடியில் போட்டுக் கழுவினார்கள். எது எவனுடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேச்சுதான் இல்லையே. கைக்குக் கிடைத்த நாலை முதலில் உருட்டிக்கொண்டு போனது இசக்கிதான்.

"அப்ப இந்த லைட்டு...?"

"உன் வண்டில கீற டயருக்கு எரியல. உன்னோட பழைய சக்கரம் அவன் வண்டில ஓடுது. ரெண்டு வண்டியும் பக்கத்துல நிக்கறப்ப அதான் உனக்கு சிக்னல் குடுக்குது. காலைல அது அனுப்புனத பாரு, இருபத்திரெண்டு. காத்து மெதுவா எறங்கினு கீது. அவன் வண்டியோ, தன்கிட்ட நம்பர் பதிஞ்ச இந்த நல்ல சக்கரத்தைப் பாத்து எல்லாம் சரின்னு நம்பிக்கினு கீது. எங்க அந்த வண்டி?"

"கொரியா சாரை ஏத்திக்கிட்டு பெங்களூர் கிளம்பிட்டான். இந்நேரம் காஞ்சிபுரம் தாண்டியிருப்பான்."

"ஹைவேல நூத்திருபதுல போவானே! டயரு வெடிச்சுடுமே!"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இசக்கியின் மனதில் ஜனவரி மாதம் வந்து போனது. அடுத்த நொடி போனை எடுத்துவிட்டான்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "ம்" என்று கேட்டது.

"ஏலே பேச்சி! வண்டிய ஓரங்கட்டு! ஒண்ணும் கேக்காத, ஓரங்கட்டுல!"

இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. கதவு திறந்தது. லாரிகளின் இரைச்சல்.

"நாலு சக்கரத்தையும் பாருல."

செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது.

"எம்மாடி! பின்சக்கரம் சப்பிப்போய்க் கெடக்குல. கை வைக்க முடியல, கொதிக்குது." பேச்சிராஜுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா... ஒனக்கு எப்படில தெரியும்?"

இசக்கி திரும்பிப் பார்த்தான். நடேசன் மேஜையில் பேனாவோடு காத்திருந்தார்.

"சரி, இது கெடக்கட்டும். ஒன் வண்டி லைட்டு அணைஞ்சிட்டால? தெனம் நீ வாரதுக்கு முன்ன வந்து, நாலு சக்கரத்துக்கும் என் டிக்கி பம்பால நாப்பது வரைக்கும் காத்தடிச்சுப் பாத்துட்டேன். சனியன், அணைய மாட்டேங்குதே!"