காலமானார்

மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியைச் செண்பகவல்லி மறுபடியும் படித்தாள்.

"மருந்து எடுத்துக்கொள்ளாத உங்கள் பிரதி இன்று காலமானார். மருந்து எடுத்துக்கொள்ளும் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். வாழ்த்துகள்."

புது மருந்துச் சோதனைக்கு அவள் சேர்ந்தபோது, அவளைப் போலவே ஒருத்தியைக் கணினிக்குள் செய்து வைத்திருந்தார்கள். மருந்தில்லாவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக. அதே சிறுநீரகம், அதே மூச்சிரைப்பு, பேச்சும் அதே பேச்சு.

நல்ல செய்தி என்று கணவர் குருசாமி ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார்.

"இருங்க, சாவுச் செய்தி வந்திருக்கு. தலை முழுகாம எப்படி இனிப்பு சாப்பிடுறது?"

"செத்தது யாரு?"

"நான்தான்."

குழம்பிப்போன குருசாமி, சோதனை அறிக்கை அனுப்பும் பெண்ணுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் பதறிவிட்டாள்.

"ஐயா, அது மிஷின் எழுதினது. 'காலமானார்'னு வந்திருக்கக் கூடாது. 'கணக்கீடு நிறைவுற்றது'ன்னு திருத்தி அனுப்புறேன். அது ஆளே இல்லைங்க."

குருசாமிக்கு உயிர் வந்தது. ஒரு ஜாங்கிரியைக் கையில் எடுத்தார். செண்பகவல்லிதான் விடவில்லை.

"கடைசியா ஏதும் பேசுச்சாம்மா?"

அந்தப் பக்கம் அவள் கணினியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"வலி எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்போம்மா. கடைசில அதுக்குப் பதில் சொல்லல. 'என்னங்க, என்னங்க'ன்னு மட்டும் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு."

குருசாமி ஜாங்கிரியை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அடுத்து தானும் முழுக வேண்டுமா என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.